காஞ்சிபுரத்துத் தொழிற்பெருக்கமும் நிலமற்றோர் கணக்கும்

காஞ்சிபுரம் என்றால் பட்டுச் சேலையும் கோயிற் கோபுரமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அம்மாவட்டத்தின் இன்றைய பொருளாதாரத்தைத் தீர்மானிப்பது, நகருக்குக் கிழக்கே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்துள்ள திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியே. 1996இல் நிறுவப்பட்ட ஹூண்டாய் இந்தியா, இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவும், அதையடுத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங்கும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் வந்தன. ஏரிப்பாசனக் கிராமங்கள் ஒரு தலைமுறைக்குள் ஆலைப்பகுதிகளாயின. இவ்வளர்ச்சியில் யாருக்கு என்ன பங்கு கிடைத்தது என்பதை அறிய, அதற்கு நூறாண்டுகளுக்கு முந்தைய நில ஆவணங்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

அன்று காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி. அங்கு ஊர் நிலத்தின்மீது மிராசுதார்களுக்கே முன்னுரிமை. தரிசு நிலத்தைக் கேட்டுப் பறையர் ஒருவர் மனுச் செய்தால், அதைத் தாமே பயிரிடப்போவதாகக் கூறி மிராசுதார் தடுத்துவிட முடிந்தது. குடிசை நின்ற மனையும் பெரும்பாலும் அவருடையதாகவே கருதப்பட்டது. எனவே கூலி உயர்வு கேட்பவர் வேலையோடு வீட்டையும் இழக்க நேரிடும். இந்த அமைப்பை ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தம் அறிக்கையில் விவரித்தார். அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையின்படி வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். முதல் பத்தாண்டுகளுக்கு அவற்றை விற்கக் கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அரசு இழப்பீடின்றித் திரும்பப் பெறலாம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. நிபந்தனைகள் ஏட்டில் இருந்தன. நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். ஹூண்டாய் வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

பெருந்தொழிலின் வரலாற்றில் இந்த வரிசை புதிதன்று. அமெரிக்காவில் 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் பிறப்பித்த ஆணை, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கியது. ஏறத்தாழ 40,000 பேர் குடியேறினர். அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலத்தைப் பழைய பண்ணை முதலாளிகளிடமே திருப்பியளித்தார். மறுபுறம், ரயில்பாதைகளுக்கு நடுவண் அரசு மொத்தத்தில் ஏறத்தாழ 13 கோடி ஏக்கர் வழங்கியது. அந்த ரயில்பாதைகளே எஃகு ஆலைகளுக்குச் சந்தையாயின. அரசிடம் நிலம் இல்லாமலில்லை; எவருக்குக் கொடுத்தால் நிலைக்க விடுவது என்பதே முடிவாயிற்று.

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிக்கும் இதே கண்ணோட்டம் பொருந்தும். பட்டுநூலையும் ஜரிகையையும் தந்து சேலைக்குக் கூலி கொடுக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் எளிதில் வெளியேற முடியாது. கோர்வை நெசவுக்கு உடன் ஓர் ஆள் தேவை. அந்த இடத்தில் நெடுங்காலம் குழந்தைகளே அமர்த்தப்பட்டனர். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட பட்டுத்தொழில் அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. கடனுக்கு ஈடாக உழைத்தோரில் தலித், முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் மிகுதி. தறியைவிட்டு அடுத்த தலைமுறை ஆலைப் பேருந்தில் ஏறியதை மரபின் அழிவென்று புலம்புவோர் இந்த முன்பணத்தை மறந்துவிடுகின்றனர்.

ஆலையோ வேறு வகையில் நிலையற்றது. நோக்கியா 2014 நவம்பரில் மூடப்பட்டது. பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவால் தோழியர் நோயுற்றதை எதிர்த்து 2021 டிசம்பரில் நெடுஞ்சாலையை மறித்தனர். சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. பஞ்சமி நில ஆணை பிறந்த அதே 1892இல், பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் ஊரில் கார்னெகி எஃகு நிறுவனம் கூலிப் படையை இறக்கித் தொழிலாளர் சங்கத்தை முறியடித்தது. சுங்குவார்சத்திரத்தில் சங்கம் பிழைத்தது என்பது சிறிய வேறுபாடன்று.

எனினும் சங்கத்தில் சேர முதலில் ஆலைக்குள் வேலை வேண்டும். நிலத்தை விற்றவருக்கு விலை கிடைத்தது. அந்நிலத்தில் நாற்று நட்டவருக்கு? 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், மூன்றாண்டுகளாக அந்நிலத்தைச் சார்ந்து வாழ்ந்த விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. அவர்களைக் கணக்கிடும் முதல் கட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நிலம் எடுப்புச் சட்டத்தில் அம்மதிப்பீடு கட்டாயமில்லை. உயர் நீதிமன்றம் 2019இல் செல்லாததாக்கிய அச்சட்டத்தை அரசு அதே ஆண்டில் புதுச்சட்டத்தால் உயிர்ப்பித்தது. உச்ச நீதிமன்றம் 2021இல் அதை ஏற்றது. 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்துக்கும் அச்சட்டத்தின்கீழேயே நிலம் எடுக்கப்படுகிறது.

ஆகவே அறிவிக்கை வெளியாகும் ஊர்களில் களப்பணி செய்வோர் இரண்டு பட்டியல்களை உடனே தயாரிக்கலாம். ஒன்று, வருவாய்ப் பதிவேடுகளில் 'டி.சி.' எனக் குறிக்கப்பட்ட பழைய நிபந்தனை நிலங்களின் புல எண்கள். மற்றொன்று, கடந்த மூன்றாண்டுகளில் அவ்வூர் வயல்களில் கூலிவேலை செய்தோரின் பெயர்கள். முதற்பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்வழி கேட்டுப் பெறலாம். இரண்டாவது எந்த அலுவலகத்திலும் இல்லை.