தடுத்தவன் ஜெயித்தான்!

ஃபுட்பால் மேட்ச் பார்க்கும்போது யார் பெயரைச் சொல்லிக் கத்துகிறீர்கள்? கோல் போட்டவன் பெயரைத்தானே! பின்னால் நின்று பந்தைத் தடுத்தவனை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால், கோச்சுகளைக் கேட்டுப் பாருங்கள்... தடுக்கத் தெரிந்த டீமுக்குத்தான் கப் என்பார்கள். சரித்திரத்திலும் அப்படித்தான். சாட்சி, நம்ம கடலூர்!

தேவனாம்பட்டினத்தில் இருந்தது புனித டேவிட் கோட்டை. 1690-ல் மராட்டியரிடம் ஆங்கிலேயர் வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை அவர்களுக்குச் சொந்தம் என்று பேரம்! அந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பேர் வந்துவிட்டது.

1746 செப்டம்பரில் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். மாறுவேஷத்தில் தப்பி, கடலூர் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் கம்பெனி குமாஸ்தா ராபர்ட் கிளைவ். கடலூரும் போனால், இந்தக் கரையில் ஆங்கிலேயர் கதை கந்தல்தான். புதுச்சேரி கவர்னர் டூப்ளே சும்மா இருப்பாரா? டிசம்பரிலேயே படை வந்தது. ஆற்காடு நவாப்பின் பிள்ளைகள் வந்து விரட்டினார்கள். 1747 மார்ச்சில் மறுபடி வந்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் தலைகாட்டவே, திரும்பிப் போனது. கவனித்தீர்களா? ரெண்டு தடவையும் காப்பாற்றியது வெளியிலிருந்து வந்த உதவி.

1748 ஜனவரியில் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் வந்து இறங்கினார். சிதறிக் கிடந்த ஆட்களைத் திரட்டி, டிரில் வாங்கி, பட்டாளமாக்கினார். ஜூனில் பிரெஞ்சுப் படை நெருங்கியபோது, பட்டப்பகலில் எல்லோரும் பார்க்க, கடலூர் நகரத்திலிருந்த பீரங்கிகளையும் ஆட்களையும் கோட்டைக்குக் கொண்டுபோனார். 'பயந்துட்டாங்க' என்று நினைத்தது எதிரிப்படை. இருட்டியதும், எல்லாம் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே வந்துவிட்டது! நள்ளிரவில் ஏணியோடு வந்தவர்கள் மேல் குண்டு மழை. விழுந்தடித்து ஓடினார்கள். 1749-ல், ஐரோப்பாவில் போட்ட சமாதான ஒப்பந்தப்படி சென்னையும் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. அதுவரை தாக்குப்பிடித்து நின்றது கடலூர்.

அப்படியானால் மதில் இருந்தால் போதுமா? போதாது. 1758 ஜூனில் அதே கோட்டையை பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து, இடித்தே தள்ளினார். லாரன்ஸ் அப்போது அங்கே இல்லை!

இன்னொரு கணக்கும் பாருங்கள். 1781 ஜூன் 18. சிதம்பரம் கோயில் மதிலுக்குள் ஹைதர் அலியின் வீரர்கள். தாக்க வந்த ஜெனரல் அயர் கூட்டுக்குச் சரியான அடி, பின்வாங்கினார். ஆனால், ஜூலை 1-ல் பக்கத்துப் பரங்கிப்பேட்டை வெட்டவெளியில் நேருக்கு நேர் மோதியபோது தோற்றது ஹைதர்!

இன்று தேவனாம்பட்டினத்தில் இருப்பது இடிபாடுகள்தான். சிதம்பரத்தின் மதில் மட்டும் அப்படியே நிற்கிறது. அடுத்த தடவை தரிசனத்துக்குப் போகும்போது, அந்தக் கல்லையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.