பார்க்ஹர்ஸ்ட் சிறுவர்கள்

இங்கிலாந்தின் பார்க்ஹர்ஸ்ட் சிறையிலிருந்து 1842, 1843 ஆம் ஆண்டுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் கப்பலேற்றப்பட்ட இளம் கைதிகள். அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் தண்டனை பெற்றோர் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியக் கரைகளில் இறக்கப்பட்ட காலம் அது. நியூசிலாந்துக்கு மட்டும் கைதிகளை அனுப்புவதில்லை என்று பிரிட்டிஷ் அரசு வாக்களித்திருந்தது. அந்த வாக்கை மீறாததுபோல் மீற ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது: கப்பலேறும் முன் சிறுவர்களுக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு. அதன்பின் ஏட்டில் அவர்கள் கைதிகளல்லர், தொழில் பழகுநர்கள்.

ஐல் ஆஃப் வைட் தீவிலுள்ள பார்க்ஹர்ஸ்ட், 1838-இல் சிறுவர்களுக்கென்றே திறக்கப்பட்ட சிறை. நாடுகடத்தல் தண்டனை பெற்ற பிள்ளைகளுக்கு இங்கே தச்சு, தையல், செருப்புத் தைத்தல் கற்றுத் தரப்பட்டன. சீர்திருத்தம் என்று பெயர். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளின் காலில் இரும்பு பூட்டியிருந்தது. ஒருவரோடொருவர் பேசவும் தடை. சீர்திருத்தவாதி மேரி கார்ப்பெண்டர் இச்சிறையைக் கண்டித்து எழுதியது முழுக்க நியாயம்.

‘செயின்ட் ஜார்ஜ்’ கப்பல் 1842 அக்டோபரில் 92 சிறுவர்களுடன் ஆக்லாந்தை அடைந்தது. வந்து சேர்ந்த வேளை மோசமானது. ஊர் தோன்றி இரண்டே ஆண்டுகள். ஆளுநர் ஹாப்சன் முந்தைய மாதம்தான் இறந்திருந்தார். அதே அக்டோபரில் ‘டச்சஸ் ஆஃப் ஆர்கைல்’, ‘ஜேன் கிஃபர்ட்’ என்ற இரு கப்பல்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்துக் குடியேறிகள் வந்திறங்கி, மெக்கானிக்ஸ் விரிகுடாவில் நாணல் குடிசைகளில் தங்கியிருந்தனர். அவர்களுக்கே வேலை இல்லை. சிறையில் வளர்ந்த பிள்ளையை யார் பணிக்கு எடுப்பார்கள்? துறைமுக அதிகாரி கேப்டன் டேவிட் ரஃப் சிறுவர்களுக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். 1843 நவம்பரில் ‘மாண்டரின்’ கப்பல் மேலும் 31 பேரைக் கொண்டுவந்தது. ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் பழி முதலில் இவர்கள் மேல்தான் விழுந்தது. குடியேறிகளின் எதிர்ப்பு வலுக்கவே, மூன்றாவது கப்பல் வரவில்லை.

தங்களை எதிர்த்துப் போரிட்ட சின்ன மருதுவின் மகன் துரைசாமியை ஆங்கிலேயர் 1802-இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடுகடத்தியதை அறிந்த தமிழ் வாசகருக்கு, பிள்ளைகளையும் கடல் கடத்திய இந்த ஆட்சிமுறை புதிதல்ல. துரைசாமியின் பினாங்கு வாழ்வு பற்றிய ஒரு குறிப்பு, ஆங்கிலேயப் படை அதிகாரி கர்னல் வெல்ஷ் 1818-இல் அவரை அங்கே சந்தித்து எழுதிவைத்ததால் கிடைக்கிறது. பார்க்ஹர்ஸ்ட் சிறுவர்களின் தடமும் அப்படி ஆள்வோரின் எழுத்தில்தான் எஞ்சியது. அவர்களில் ஒழுங்காக உழைத்துப் பிழைத்தவர்கள் பலரும் ஊரோடு கலந்து பதிவேடுகளிலிருந்து மறைந்தார்கள். மீண்டும் குற்றம் செய்து, ஆக்லாந்து நீதிமன்றத்தால் டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தப்பட்ட சிலரின் தடமோ தெளிவாக நிற்கிறது. அங்கே ஹோபார்ட் நகரின் அரசு எழுத்தர்கள் ஒவ்வொரு கைதியின் உயரம், கண்ணின் நிறம், உடலிலுள்ள தழும்பு, பச்சைக்குத்து, எழுதப் படிக்கத் தெரியுமா என்பது வரை குறித்துவைத்தார்கள். ஆய்வாளர்கள் இன்று இச்சிறுவர்களின் வாழ்க்கையைத் தொடர்வது பெரிதும் அந்தத் தண்டனைப் பதிவுகளைக் கொண்டுதான்.