அரைப்பேரும் ஆக்கப்படும் உயிர்களும் – ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தன் கையாலே அறிவுடைய பொருளொன்றை ஆக்கி, அது ஒருகால் நோவையும் உணருமாயின், அதற்கு அவன் ஆற்றவேண்டிய கடன் யாது? முன்னர் மெய்யியலாளரே பெரிதும் ஆராய்ந்த இவ்வினா இன்று கணினி வல்லுநரிடையேயும் சட்ட அறிஞரிடையேயும் விவாதிக்கப்படுகின்றது. இஃது எதிர்காலத்துக்குரிய வினா என்பார் பலர். மாத்தளை மாவட்டத்து எல்கடுவ போன்ற மலைத்தோட்டப் பகுதிகளின் வரலாற்றை நோக்குவார்க்கு இது மிகப் பழைய வினாவாகவே தோன்றும்.

'றோபோ' என்னும் சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் எழுதி, 1921இல் பிராக் நகரில் மேடையேறிய 'ஆர். யூ. ஆர்.' என்னும் நாடகமே இச்சொல்லை உலகுக்கு அளித்தது. 'ரொபோட்டா' என்பது குடியானவன் நிலப்பிரபுவுக்குச் செய்யவேண்டியிருந்த கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் சொல். கண்டி இராச்சியத்தின் இராசகாரியத்தோடு அதனை ஒருபுடை ஒப்பிடலாம். நாடகத்தில் தொழிற்சாலையிலே ஆக்கப்படும் அவ்வுயிர்களுக்கு நோவு தெரியாது. அதனால் அவை தம் உறுப்புக்களைத் தாமே சிதைத்துக்கொள்கின்றன, நட்டமோ கொம்பனிக்கு. ஆகவே அவற்றுக்கு நோவுணர்ச்சியை ஊட்ட முனைகின்றனர். தொழிலின் நலங்கருதி நோவு படைக்கப்படும் இவ்விடமே நாடகத்தின் மிகக் கூரிய பகுதி என்பது என் துணிபு.

இலங்கையில் இராசகாரியம் 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. ஆயின், விடுபட்ட கண்டிக் குடியானவர் கோப்பித் தோட்டங்களின் நிரந்தரக் கூலிவேலையைப் பெரிதும் விரும்பினாரல்லர். எனவே தென்னிந்தியத் தமிழர் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையூடாக மாத்தளையை அடைந்தோர் பலர். அடையாது வழியிலே மாண்டோரும் பலர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தொழிலாளரின் பயணச்செலவு முன்பணமாயிற்று, முன்பணம் கடனாயிற்று. கடனைத் தீர்த்தாலன்றி விடுவிப்பில்லை என்று எழுதிய சீட்டே 'துண்டு'. துண்டு முறையைச் சட்டம் ஒழித்த ஆண்டு 1921, சாப்பெக்கின் நாடகம் மேடையேறிய அதே ஆண்டு. தற்செயல்தான், எனினும் நினைவிற்கொள்ளத்தக்கது.

தோட்டத்து வழக்கிலே ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதப் பிறவிக்குப் பாதிப் பெயரும் உண்டு என்பதை நான் கற்ற எந்த மெய்யியல் நூலும் கூறவில்லை.

தாய்வயிற்றிற் பிறந்த மனிதரை ஆக்கப்பட்ட பொருளோடு ஒப்பிடுதல் தகுமோ எனின், ஒப்புமை அவர்களிடத்தில் இல்லை. அவர்களைக் கணக்கெழுதிய முறையிலேயே உள்ளது. மேலும், மெய்யாகவே ஆக்கப்பட்ட 'ஆள்' ஒன்றும் பெருந்தோட்டத் துறையில் இருந்தது. அதுவே கொம்பனி. அதற்கு உடலில்லை, பசியில்லை. ஆயினும் அது பங்காளரின் வேறான தனி ஆள் என 1896இல் சலமன் வழக்கிலே பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நிலம் வாங்கவும் வழக்காடவும் அதற்கு உரிமையுண்டு. கொழுந்து பறித்தோரின் நிலையோ வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிற்கொண்டு, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியர் என வகுத்து, எஞ்சிய 150,000 பேரின் விதியைப் பிற்போட்டது. (இங்கும் அவர்கள் 'பேர்'களே.) நாடற்றோராக எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

பதினான்கு ஆண்டுகளின் பின், 2017 ஒக்டோபரில், 'சோபியா' என்னும் றோபோவுக்குக் குடியுரிமை அளிப்பதாகச் சவூதி அரேபியா மாநாட்டு மேடையொன்றில் அறிவித்தது. அதே ஆண்டில் ஐரோப்பியப் பாராளுமன்றம், இயந்திரங்களுக்கு 'மின்னணு ஆள்' என்னும் சட்டநிலை வழங்குவதை ஆராயுமாறு தீர்மானித்தது. இயந்திரம் ஆளாகுமாயின் அதனால் விளையும் தீங்குக்கு உரிமையாளன் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற அச்சம் அப்போதே எழுந்தது, அவ்வச்சம் நியாயமானதே. சோபியா நோவறியும் என்பதற்குச் சான்றில்லை. நோவறிவாரென்பதில் எவர்க்கும் ஐயமில்லாதோர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தனர். தகுதியை வழங்கும் அதிகாரம் எவர் கையிலுள்ளதோ, அவருடைய வசதியே இரு நிகழ்ச்சிகளிலும் அளவுகோலாயிற்று.

'முதலில் ஆக்குவோம், தகுதியைப் பின்னர் ஆராய்வோம்' என இன்று கூறுவோர், வேலைக்கு ஆளைக் கொணர்ந்தபின் உரிமையைப் பேசிய அக்காலத் தோட்டத்துரைமாரின் வழியிலேயே செல்கின்றனர். ஆக்கியபின் பயனடைவோனே நீதிபதியாகிறான். ஆதலின், நோவறியக்கூடும் என்ற ஐயத்துக்கிடமான உயிரை உழைப்புக்கென ஆக்குமுன்னரே அதன் தகுதி வரையறுக்கப்படல் வேண்டும். அவ்வரையறையை ஆக்குவோனிடம் விடலாகாது. அதற்கு இணங்காதவன் அவ்வுயிரை ஆக்காதிருத்தலே நன்று.

தகுதியைத் தாளில் எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. 2023 ஓகஸ்டில், எல்கடுவப் பெருந்தோட்டக் கொம்பனியின் கீழுள்ள ரத்வத்தைத் தோட்டத்திலே ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட நிர்வாக உத்தியோகத்தர் ஒருவர் உடைத்த செய்தி நாடெங்கும் பரவியது. 2003இன் சட்டம் நிறைவேறி அப்போது இருபது ஆண்டுகள். குடியிருப்பு நின்ற நிலம் கொம்பனியின் பொறுப்பில் இருந்தது.