மாத்திரை கொடுத்தால் மட்டும் போதுமா?

1/ "கிராமத்துப் பொம்பளைங்களுக்கு விழிப்புணர்வே இல்ல"ன்னு டாக்டர்கள் நாங்க சுலபமா சொல்லிடுவோம். அது தப்புன்னு காட்டின ஊர், பங்களாதேஷின் மத்லப்.

2/ 1975. வீடு வீடாகப் போய் கருத்தடை மாத்திரையை இலவசமாகக் கொடுத்தார்கள். முதலில் நிறையப் பேர் வாங்கினார்கள். அப்புறம் குமட்டல், தலைசுற்றல், இடையிடையே ரத்தக்கசிவு. யாரிடம் கேட்பது? கொடுத்தவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத வயதான பெண்கள்; அவர்களுக்கும் பதில் தெரியாது. பலர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

3/ 1977-ல் முறையை மாற்றினார்கள். படித்த, கல்யாணமான உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே வருவார்கள். மாத்திரை, ஆணுறை, ஊசி, காப்பர்-டி... எது வேணுமோ அது. ஊசியை வீட்டிலேயே போடுவார்கள். பக்கவிளைவு வந்தால் கவனிப்பார்கள். ஒத்துக்கலைன்னா வேறு முறைக்கு மாற்றுவார்கள்.

4/ அப்போது கருத்தடை பயன்படுத்தியவர்கள் சுமார் 7%. ஒன்றரை வருஷத்தில் 30%-ஐத் தாண்டியது.

5/ அதே பெண்கள், அதே வறுமை. மாறியது சேவையின் தரம்தான். அதனால, மாத்திரையை நிறுத்திட்டு வர்ற அம்மாவைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்போம்: "என்னம்மா தொந்தரவு பண்ணுச்சு?"