தாத்தா வீட்டுக் குதிரைப்படைத் துப்பாக்கி: வைத்திருக்கலாமா, கூடாதா?

ஹைதராபாத்தில் காஞ்சன்பாக் என்றதும் பலருக்கும் ஏவுகணைதான் ஞாபகம் வரும். டிஆர்டிஎல் ஆய்வகம், பாரத் டைனமிக்ஸ், மிதானி எல்லாம் இங்கேதான். 1982-ல் அப்துல் கலாம் இயக்குநராக வந்து சேர்ந்ததும் இந்த டிஆர்டிஎல்லுக்குத்தான். ஆனால் இந்த ஊரின் ராணுவக் கதை அதற்கெல்லாம் முந்தையது. காஞ்சன்பாக்குக்கு அருகில் உள்ள பார்க்கஸ், ‘பாரக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் மருவிய பெயர். நிஜாமின் அரபு வீரர்கள் தங்கியிருந்த இடம். நகரின் மறுபக்கம் இருக்கும் ஏ.சி. கார்ட்ஸின் விரிவு, ஆப்பிரிக்கன் கேவல்ரி கார்ட்ஸ். அதற்குப் பக்கத்தில் ஃபர்ஸ்ட் லான்சர். பொலாரத்தில் ரிசாலா பஜார். ஏரியா பெயர்களிலேயே குதிரைப்படை இருக்கும் ஊர் இது.

இப்படிப்பட்ட ஊரில் பழைய வீட்டுப் பரணில் ஒரு கார்பைனோ, தோல் சேணமோ கிடைப்பது அதிசயமில்லை. கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சேகரிக்க ஆசைப்படுபவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு.

கார்பைன் என்றால் என்ன?

குதிரை மேல் இருந்தபடி கையாள வசதியாகக் குழலைக் குட்டையாக்கிய துப்பாக்கி. பிரிட்டிஷ் குதிரைப்படையில் 1808 வாக்கில் வந்த பேஜெட் கார்பைனின் குழல் 16 அங்குலம்தான். அடுத்து 1856 மாடல் என்ஃபீல்டு, 21 அங்குலக் குழல். குண்டைத் திணிக்கும் கம்பி கை தவறிக் கீழே விழாமலிருக்க, குழலோடு கீல் வைத்து இணைத்திருப்பார்கள். பிறகு ஸ்னைடர், 1877-ல் மார்ட்டினி-ஹென்றி, 1890-களில் .303 தோட்டா போடும் லீ-மெட்ஃபோர்டு, லீ-என்ஃபீல்டு. 1904 முதல் காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் ஒரே ‘குட்டை’ ரைஃபிளைக் கொடுக்கத் தொடங்கியதும் இந்த வரிசை முடிந்துபோனது.

துப்பாக்கி சர்க்காருடையது, சேணம் சிப்பாயுடையது

நிஜாமின் பணத்தில், பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழ் இயங்கியது ஹைதராபாத் கன்டின்ஜென்ட். அதன் குதிரைப்படையில் ‘சில்லாதார்’ முறை இருந்தது. குதிரை, சேணம், வாள், உடை எல்லாவற்றுக்கும் செலவு சிப்பாயுடையது. அரசு கொடுத்தது துப்பாக்கியும் தோட்டாவும் மட்டுமே. சிப்பாயின் சேணம் குடும்பச் சொத்தாகத் தலைமுறை தாண்டி வந்ததில் ஆச்சரியமில்லை. கார்பைன் அப்படி வீட்டுக்கு வந்திருந்தால், எப்படி வந்தது என்ற கேள்வி கூடவே வரும். மதராஸ் குதிரைப்படையில் இந்த முறை இல்லை. அங்கே குதிரை உட்பட எல்லாமே அரசுடையது.

1903-ல் கன்டின்ஜென்ட் கலைக்கப்பட்டது. அதன் ரெஜிமென்ட் ஒன்றுதான் 20-வது டெக்கான் ஹார்ஸ் ஆனது. 1916 ஜூலை 14 அன்று பிரான்ஸின் சோம் போர்முனையில், இயந்திரத் துப்பாக்கிகளின் காலத்திலும் ஈட்டியோடு பாய்ந்த படை அது. இன்றைய இந்திய ராணுவத்தின் டெக்கான் ஹார்ஸ் டாங்கி ரெஜிமென்ட்டுக்கு அதுதான் முன்னோடி.

சட்டம் என்ன சொல்கிறது?

சர்க்காருடையது, சிப்பாயுடையது என்ற அந்தப் பிரிவினை இன்றைய சட்டத்திலும் ஒருவிதத்தில் தொடர்கிறது. சேணத்துக்கு லைசென்ஸ் கேட்க யாரும் வரப்போவதில்லை. துப்பாக்கி விஷயம் வேறு.

ஆயுதச் சட்டம், 1959-ன் 45-வது பிரிவு, வழக்கொழிந்த அல்லது பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் அவை ‘ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும்’ சுட முடியாதவையாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். துருப்பிடித்த மார்ட்டினி-ஹென்றிக்கு ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால், அது இந்த விலக்குக்குள் வராது.

2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தியது. ‘க்யூரியோ’ வகையில் வரும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அதைப் பயன்படுத்த, எடுத்துச்செல்ல, இடம் மாற்ற லைசென்ஸ் வேண்டும். அதாவது, சுவரில் மாட்டியிருக்கும்வரை ஓகே. வீடு மாறும்போது அதையே கார் டிக்கியில் போட்டு சென்னைக்குக் கொண்டுவந்தால் சிக்கல்.

உங்கள் துப்பாக்கி அந்த வகைக்குள் வருமா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஹைதராபாத், சென்னை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனர்தான் லைசென்ஸ் தரும் அதிகாரி. போட்டோவோடு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். .303 என்றால் இன்னும் கவனம் தேவை. அது இந்தியாவில் தடைசெய்யப்பட்ட தோட்டா அளவு. அமெரிக்காவில் 1898 வரை தயாரானவை கூட்டாட்சிச் சட்டப்படி ‘ஆன்டிக்’. அந்த ஊர் யூடியூப் வீடியோவைப் பார்த்து இங்கே முடிவெடுக்க வேண்டாம்.

லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான். 100 வயது தாண்டிய பழம்பொருளை, தோல் சாமான் உட்பட, தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை.

சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

என் ஓட்டு தோல் சாமான்களுக்குத்தான். சேணம், கார்பைனைச் செருகும் தோல் உறை, தண்ணீர்க் குடுவை, 1903 மாடல் தோட்டாப் பட்டை. பட்டையில் 5 பைகள் இருந்தால் 50 தோட்டாக்களுக்கானது. குதிரைவீரனுக்கானதில் 9 பைகள், 90 தோட்டாக்கள். அம்புக்குறியும் அதன் கீழே ‘ஐ’ எழுத்தும் பதித்திருந்தால் இந்திய அரசுச் சொத்தாக இருந்தது என்று பொருள்.

போலிகள் ஏராளம். கைபர் கணவாய்ப் பகுதியில் கையால் செய்த நகல் துப்பாக்கிகளில் விக்டோரியா முத்திரையும் 1901-க்குப் பிந்தைய வருடமும் சேர்ந்தே இருக்கும். ராணி இறந்ததே 1901 ஜனவரியில். ஆங்கில ‘என்’ எழுத்து திரும்பி இருப்பதும் வழக்கமான தவறு.

வாங்கியதும் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், முத்திரை அழிந்துவிடும். பழைய தோல் சிவப்புப் பொடியாக உதிர்ந்தால் எண்ணெய் தடவுவது நிலைமையை மோசமாக்கும். ஈரமில்லாத இடத்தில், மடிக்காமல், உள்ளே பஞ்சோ காகிதமோ அடைத்து வையுங்கள்.

துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஹைதராபாத்தில் சாலார் ஜங் அருங்காட்சியகம், சென்னையில் கோட்டை அருங்காட்சியகமும் எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் இருக்கின்றன. எழும்பூரில் உள்ள ஆயுதங்களில் கணிசமானவை தஞ்சாவூர் அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டைக் கிடங்கிலிருந்தும் வந்தவை.