வெள்ளோட்டம்

ஒரு புதிய நடைமுறையை எல்லாக் கிளைகளுக்கும் கொண்டுபோகும் முன் ஓரிடத்தில் நடத்திப் பார்ப்பதை நிறுவனங்களில் 'பைலட்' என்கிறார்கள். தமிழில் அதற்கு வெள்ளோட்டம் என்ற அருமையான சொல் முன்பே இருக்கிறது. 'வெள்' என்பதற்கு இங்கே வெறுமை என்று பொருள். எழுதாத ஓலை வெள்ளோலை ஆனதுபோல. புதிதாகச் செய்த அல்லது புதுப்பித்த தேரை, உற்சவ மூர்த்தியை ஏற்றாமல் வீதியில் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். திருவாரூர் ஆழித்தேரைப் புதுப்பித்தபோது 2015இல் அப்படித்தான் ஓட்டிப் பார்த்தார்கள்.

தேரில் சுவாமி மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் அசல். அதே வீதி, அதே வடம், அதே திருப்பம், முட்டுக்கட்டை போடும் அதே ஆட்கள். சக்கரம் எங்கே சிக்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். சம்பளக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் நிறுவனமும் இதையே செய்ய வேண்டும்: பழைய கணக்கின்படியே சம்பளம் பட்டுவாடா ஆகட்டும், அதே மாதத்துக் கணக்கை, அதே எழுத்தர்கள் புதியதிலும் போட்டு ஒப்பிடட்டும். பொறுக்கியெடுத்த திறமைசாலிகளை வைத்துத் தலைமையகத்தில் நடத்திக் காட்டுவது வெறும் செயல்விளக்கம். அதை வெள்ளோட்டம் என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.