குத்து, இடி, திரி, அரை, ஆட்டு: ஒரு ஜாருக்குள் அடங்காத சமையலறை வரலாறு

"ஃபுட் பிராசசர் ஒண்ணு வாங்கணும், எது நல்லா இருக்கும்?" என்று கடையில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முதலில் வாட்ஸ் சொல்வார். 550, 750, 1000. அடுத்து ஜார் எத்தனை, வாரன்டி எத்தனை வருஷம். சிறுதானியம், தோல் உளுந்து, கைக்குத்தல் அரிசி என்று முழுத் தானியச் சமையலுக்கு மாறுகிற வீடுகளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. வாட்ஸ் கணக்கு அதற்குப் பாதி பதில்தான். மீதிப் பாதி நம்முடைய வினைச்சொற்களில் இருக்கிறது.

நெல்லைக் குத்துகிறோம். மிளகை இடிக்கிறோம். உளுந்தை உடைப்பதற்கும் கேழ்வரகை மாவாக்குவதற்கும் திரிக்கிறோம். சட்னியை அரைக்கிறோம். இட்லி மாவை ஆட்டுகிறோம். கீரையைக் கடைகிறோம், தேங்காயைத் துருவுகிறோம், காயை அரிகிறோம். இட்லிக்கு மாவு இடிச்சேன் என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். ஒவ்வொரு வினைக்கும் ஒரு கருவி இருந்தது: உரலும் உலக்கையும், இடிகல், திருகை, அம்மியும் குழவியும், ஆட்டுக்கல், மத்து, துருவுமனை, அருவாமனை. இவை வெறும் பெயர் வேறுபாடுகள் இல்லை. உலக்கை மேலிருந்து விழுந்து உமியைக் கழற்றுகிறது, அரிசியை முழுசாக விட்டுவிடுகிறது. திருகை இரண்டு கல்லுக்கு நடுவே உலர்ந்த தானியத்தை நசுக்குகிறது. அம்மி ஈரத்தோடு தேய்க்கிறது. ஆட்டுக்கல் மெதுவாகச் சுற்றி, அரைக்கும்போதே மாவுக்குள் காற்றையும் சேர்க்கிறது. ஐந்தும் ஐந்து வேலை. நாம் இன்று கேட்பது, இந்த ஐந்தையும் ஒரே மோட்டாரில் மாட்ட முடியுமா என்றுதான்.

கல்லின் ஊர்

இந்தக் கருவிகளில் பாதிக்கு மேல் கல். கல் என்றால் மாமல்லபுரம்தான். பல்லவர் காலத்துக் குன்றுகளுக்குப் பிற்கால மக்கள் வைத்த பெயர்களைக் கவனியுங்கள். சரிவில் நிற்கும் பெரிய பாறை, கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. பாறையில் வட்டமாகக் குடைந்த தொட்டி ஒன்று, கோபியரின் தயிர்த்தாழி. கிருஷ்ண மண்டபத்தின் சுவரில் ஒருவர் பசுவிடம் பால் கறந்துகொண்டிருக்கிறார். அரசர்கள் செதுக்க வைத்த ஊருக்குள் சமையலறையும் மாட்டுக்கொட்டிலும் நுழைந்துவிட்டன.

அங்கே இன்றும் உளிச் சத்தம் ஓயவில்லை. 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரி இருக்கிறது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிலை செய்கிற கைக்கும் அம்மி கொத்துகிற கைக்கும் சமூகத்தில் ஒரே மரியாதை கிடைத்ததில்லை. ஆனால் இரண்டு பேர் கையிலும் இருப்பது உளியும் சுத்தியும்தான். அம்மி தேயத் தேய வழவழப்பாகிவிடும், மிளகாய் வழுக்கும். அப்போது "அம்மி கொத்தலையா, அம்மி..." என்று தெருவில் குரல் கொடுத்து வருபவரைக் கூப்பிட்டு, மேற்பரப்பில் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கொத்த வேண்டும். இன்று மிக்ஸி பிளேடைச் சாணை பிடிப்பதற்கு முன்னோடி அதுதான்.

வெட்டுகிற கருவிக்கும் இந்த மாவட்டத்தில் ஒரு பழைய முகவரி உண்டு. 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பல்லாவரம் இதற்குள் வந்தது. அந்தக் கோடரியை இந்த மாவட்டத்தின் முதல் அருவாமனை என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

யாருடைய கை

கல்லைப் பற்றிப் பேசும்போது நமக்கு உடனே ருசி ஞாபகம் வருகிறது. அம்மியில் அரைச்ச மசாலா, ஆட்டுக்கல் மாவு. அந்தக் கல்லைச் சுற்றிய கை யாருடையது என்பது ஞாபகத்தில் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். கல்யாணத்தில் பெண் அம்மி மிதிக்கிறாள். மறுநாளிலிருந்து அம்மி அவளுடைய வேலை. உலக்கை குத்தும் பெண்கள் பாடும் பாட்டுக்கு வள்ளை என்று இலக்கணமே பெயர் வைத்திருக்கிறது. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் அந்த இடிக்கும் பாட்டின் வடிவத்தில்தான் இருக்கிறது. வேலை அவ்வளவு நீளம், அவ்வளவு சலிப்பு. பாட்டு இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது.

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. சாதிப் பட்டத்தை விடச் சொன்னதற்காக அதை இன்று நினைவுகூர்கிறோம். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டதும் அதே மாநாடுதான். பெரியார் பின்னர் 'இனிவரும் உலகம்' எழுதியபோது, இயந்திரம் மனித உழைப்பைக் குறைக்கப்போகிற காலத்தை ஆசையோடு வரவேற்றார்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்து இன்னொரு குரல் வந்தது. 1934 டிசம்பரில் வார்தாவில் காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கினார். அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அவர்கள் கேட்டது, மில் அரிசியை விட்டுக் கைக்குத்தல் அரிசிக்கு வாருங்கள் என்று. காரணம் இரண்டு. ஒன்று உடம்பு. 1890களில் ஜாவாவில் கிறிஸ்தியான் ஐக்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு போகாத அரிசி கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டார். தவிட்டோடு நாம் தள்ளிவிட்டது வைட்டமின் பி1 என்பது பிற்பாடு தெரிந்தது. இரண்டாவது காரணம் கூலி. நெல் குத்திப் பிழைத்த ஏழைப் பெண்களின் வேலையை மில் பறித்துவிட்டது.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. தன் வீட்டுக்குக் குத்துகிற பெண்ணுக்கு மில் ஒரு விடுதலை. அடுத்த வீட்டுக்குக் கூலிக்குக் குத்துகிற பெண்ணுக்கு அதே மில் பட்டினி. இரண்டு பேரும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே உரலைச் சுற்றி நின்றார்கள். செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம், நெல் மாவட்டம். சிறுமணி நெல்லுக்கு இந்த ஊர்ப் பெயரே முன்னொட்டாக இருக்கிறது. நெல் விளையும் இடத்தில் இந்தக் கேள்வி வெறும் தத்துவமாக இருக்க முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு 1958இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. கைக்குத்தலைக் காப்பாற்றுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனாலும் உரல் தோற்றது. 'கைக்குத்தல்' என்ற பெயரில் இன்று பாக்கெட்டில் வருவதில் பெரும்பாலானது இயந்திரத்தில் உமி மட்டும் நீக்கிய அரிசிதான். தவிடு மிஞ்சியது, கை மிஞ்சவில்லை.

மோட்டார் வந்த வழி

ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டியது கோயம்புத்தூர். 1955இல் பி. சபாபதி செய்தார் என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு. அவர் கையைத்தான் மாற்றினார், கல்லை மாற்றவில்லை. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும். கிரைண்டரில் பாத்திரம் சுற்றும். வேகம் குறைவுதான். மாவு சூடாகாது. உளுந்தையும் அரிசியையும் புளிக்கவைக்கும் லியூக்கோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்களுக்கு அதிகச் சூடு ஆகாது. இட்லி ஏன் கிரைண்டர் மாவில் நன்றாக எழும்புகிறது என்பதற்கு அந்த மெதுவான சுற்றும், மாவில் சேரும் காற்றும் முக்கியக் காரணங்கள்.

மிக்ஸியின் கதை வேறு. மும்பையில் சீமென்ஸில் வேலை பார்த்த சத்ய பிரகாஷ் மாத்துர் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்ஸி இருந்தது. பழச்சாறுக்கும் கேக் மாவுக்கும் செய்த மோட்டார், நம் ஊர் மசாலாவின் முன்னால் புகைந்துவிட்டது. மனைவி மாதுரியின் தூண்டுதலில், இந்தியச் சமையலுக்குத் தாக்குப்பிடிக்கிற ஒன்றைத் தானே செய்ய முனைந்தார். 1963இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மிக்ஸிதான் 'சுமீத்'. ஊற வைத்த பருப்பையும் வறுத்த மல்லியையும் தாங்குகிற மோட்டார் அது. பத்துப் பதினைந்து வருஷத்தில் தமிழ்நாட்டில் மிக்ஸி என்ற சொல்லுக்கு அம்மியின் இடம் கிடைத்தது.

ஃபுட் பிராசசர் இன்னொரு சமையலறையிலிருந்து வந்தது. பிரான்சில் பியேர் வெர்டன் உணவகங்களுக்காகச் செய்த ரோபோ-கூப் இயந்திரத்தைப் பார்த்த அமெரிக்கர் கார்ல் சோன்ட்ஹைமர், அதை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றி 1973இல் சிகாகோ கண்காட்சியில் 'குய்சினார்ட்' என்று அறிமுகப்படுத்தினார். அகலமான கிண்ணம், மெதுவான கத்தி, சீவுகிற தட்டு, துருவுகிற தட்டு, மாவு பிசையும் பிளேடு. அது அரிகிற சமையலறையின் கருவி. நம்முடையது அரைக்கிற சமையலறை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிறகு 2011. சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. மிக்ஸி அல்லது கிரைண்டர் என்றது, அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் என்றது. ஜெயலலிதா முதல்வரானார். அந்தச் செப்டம்பரில் விநியோகம் தொடங்கி, சில வருஷத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இலவசம் என்று கேலி பேசியவர்கள் நிறையப் பேர். ஆட்டுக்கல்லின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் அந்தக் கேலியில் அவ்வளவாகச் சேரவில்லை. 1929இல் செங்கல்பட்டில் போட்ட தீர்மானங்களில் மிக்ஸி இல்லை. ஆனாலும் பெண்ணின் நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்று ஓட்டுக் கணக்குப் போட்டவர்கள் ஒத்துக்கொண்ட தருணம் அது.

கூடவே ஒரு முரண். 2012இன் கடைசி மாதங்களில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் கட். கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிற மாவட்டமாக இருந்தாலும் இருட்டு இருட்டுதான். புது மிக்ஸி அலமாரியில் இருக்க, கொல்லைப்புறத்து அம்மியைக் கழுவி உள்ளே கொண்டுவந்த வீடுகள் உண்டு. தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

சரி, எதை வாங்குவது?

இன்று கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்தில் 'பட்டர்ஃபிளை' மிக்ஸியும் கிரைண்டரும் செய்கிற தொழிற்சாலை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இடையில் பழைய மாமல்லபுரம் சாலை அடுக்குமாடிகளில் பாக்கெட் மாவு விற்கிறது. நூறு வருஷ வரலாறு அரை மணி நேர பைக் பயணத்தில் அடங்கிவிடுகிறது.

முழுத் தானியச் சமையல் என்று முடிவு செய்துவிட்டால், உங்கள் வாரத்து வினைச்சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். 'ஆட்டு' என்பது வாரம் இரண்டு முறை வருகிறதா? தோல் உளுந்து, கைக்குத்தல் அரிசி, கம்பு, சாமை எல்லாம் தோசைக்குப் போகிறதா? அப்படியானால் கிரைண்டர்தான், சின்ன டேபிள்டாப் போதும். தவிட்டுத் தானியம் கூடுதல் நேரம் ஊற வேண்டும், மெதுவாக ஆட வேண்டும். நிமிஷத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்று சுற்றுகிற மிக்ஸி அதைச் சூடாக்கிவிடும். மிக்ஸியிலேயே ஆட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டுங்கள்.

'அரை', 'இடி' தினமும் வருகிறதா? சட்னி, பொடி, குழம்பு மசாலா. 750 வாட்ஸ் மிக்ஸி, ஸ்டீல் ஜார், ஓவர்லோடு சுவிட்ச். அதற்கு மேல் வேண்டாம். 'திரி' வந்தால் தெருமுனை மிஷினுக்கே போங்கள். இரண்டு கிலோ கேழ்வரகை வீட்டு மோட்டாரில் திரிப்பது, சுமீத்துக்கு முந்தைய ஜெர்மன் மிக்ஸியின் கதியைத் திரும்ப வரவழைப்பதுதான்.

'அரி', 'துருவு', 'பிசை' நிறைய வருகிறதா? நாலு பேருக்குக் கோஸ் பொரியல், கேரட், சப்பாத்தி மாவு? அப்போதுதான் ஃபுட் பிராசசர். தனியாக வாங்க இடமில்லை என்றால், அகலக் கிண்ணம் மாட்டுகிற மிக்ஸி போதும். இரண்டு பேருக்கு அரைக் கிலோ கோஸ் என்றால் அருவாமனை வேலையை முடித்துவிடும்; இயந்திரத்தின் ஏழு பாகங்களைக் கழுவும் நேரம் அதைவிட அதிகம்.

கடைசியாக, அந்தத் தாளில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் எழுவாயையும் எழுதிவிடுங்கள். யார் ஊறவைக்கிறார், யார் ஆட்டுகிறார், யார் கழுவுகிறார். எல்லா வரியிலும் அம்மா பெயரோ மனைவி பெயரோ மட்டும் வந்தால், மாடலை மாற்றுவதற்கு முன் அந்தப் பட்டியலை மாற்றலாம். கல்லிலிருந்து மோட்டாருக்கு வர நமக்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆயிற்று. ஜார் கழுவக் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும்.